கடிகாரமும் போயிற்று, கடைக் கணக்கும் நின்றது

கேளம்பாக்கம் கூட்டு ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, வண்டலூர் சாலையில் நெடுங்காலமாக மளிகைக் கடை நடத்தி வருபவர் நமது உறுப்பினர் ஒருவர். சங்க அலுவலகத்துக்குச் சந்தா கட்ட வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கு நேர்ந்ததை ஒரு மணி நேரம் சொன்னார். “என் பெயரைப் போடாதீர்கள். விஷயத்தைப் போடுங்கள். நம்ம ஆட்கள் நாலு பேர் தப்பித்தால் போதும்” என்றார். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு வங்கி அலுவலர் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

அவருடைய அண்ணன் துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பும்போது தம்பிக்கென்று ஒமேகா கைக்கடிகாரம் ஒன்று வாங்கி வந்து, சுங்கத் தீர்வையும் கட்டி, ரசீது, பெட்டி, உத்தரவாத அட்டை எல்லாவற்றோடும் கொடுத்திருந்தார். மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்குகிறவர் கையில் ஒமேகா எதற்கு? இரண்டு கல்யாணத்துக்குக் கட்டினார். மற்றபடி பீரோவிலேயே கிடந்தது. சென்ற தீபாவளிக்கு முன் எண்ணெய், சர்க்கரை, பருப்பு, மைதா என்று சரக்கு ஏற்ற வேண்டிய நேரம். வட்டிக்கு வாங்குவதைவிடச் சும்மா கிடக்கும் கடிகாரத்தை விற்றால் என்ன என்று தோன்றியிருக்கிறது. மகன் நாலு படம் எடுத்து, பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் விளம்பரம் போட்டுவிட்டான். கேட்ட விலை மூன்று லட்சம்.

முதல் நாளே போன் வந்தது. பேசியவர் இந்தியில், தான் ராணுவ அதிகாரி என்றும், சென்னைக்கு மாற்றலாகி வருவதாகவும் சொன்னார். விலையைப் பற்றிப் பேரமே இல்லை. ராணுவ அடையாள அட்டையின் படம் வந்தது. பிறகு ஒரு க்யூஆர் கோடு வந்தது. “இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்” என்றார். மகன் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டான். கோடு ஸ்கேன் செய்வதும் பின் நம்பர் போடுவதும் பணம் கொடுப்பதற்குத்தான். வாங்குவதற்கு இரண்டுமே வேண்டாம். தினமும் கல்லாவில் கோட்டை ஒட்டி வைத்து வியாபாரம் செய்கிற நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ முறை தனிநபர்களுக்கிடையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. க்யூஆர் கோட்டுத் தந்திரம் மட்டும் நின்றபாடில்லை.

இரண்டாவது ஆள் தமிழில் பேசினார். கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொன்னார். பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தது. வங்கியிலிருந்து வந்ததைப் போலவே ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. “என் டிரைவர் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நிற்கிறான், உங்கள் கடைக்குப் பக்கம்தானே, கொடுத்து அனுப்புங்கள்” என்றார். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்ததிலிருந்து கேளம்பாக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை பழகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே சுமார் பதினெட்டு கிலோமீட்டர். ஊர் தெரியாதவன் உள்ளூரில் டிரைவர் வைத்திருக்கிறானா என்று நம்மவருக்குச் சந்தேகம் வந்து, கணக்கைத் திறந்து பார்த்தார். ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இரண்டு பேரிடம் தப்பித்துவிட்டோம் என்ற தைரியம் வந்துவிட்டது. “அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது” என்றார்.

மூன்றாவதாக வந்தவன் நேரிலேயே வந்தான். சிறுசேரி பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கடிகாரத்தைக் கையில் வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். உத்தரவாத அட்டையில் உள்ள வரிசை எண்ணையும் கடிகாரத்தில் பொறித்திருந்த எண்ணையும் ஒப்பிட்டான். கீறல் இருக்கிறது, சர்வீஸ் செய்யவில்லை என்று சொல்லி விலையைக் குறைத்தான். மூன்று லட்சம் கேட்டது 2,85,000 ரூபாயில் முடிந்தது. பேரம் பேசியதே நம்மவருக்கு நம்பிக்கை தந்தது. ஏமாற்றுகிறவன் பேரம் பேச மாட்டான் என்பது அவர் கணக்கு.

“அண்ணாச்சி, பணத்தை எங்க மாமா போட்டு விடுவார், அவர்தான் எனக்கு வாங்கித் தருகிறார்” என்றான். கணக்கு எண் கேட்டான். நம்மவர் தயங்காமல் கடையின் நடப்புக் கணக்கு எண்ணைக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் பணம் வந்தது. இவர் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவில்லை, குறுஞ்செய்தியையும் நம்பவில்லை. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தார். 2,85,000 ரூபாய் ஏறியிருந்தது. பெட்டி, ரசீது, அட்டை எல்லாம் சேர்த்துக் கடிகாரத்தைக் கொடுத்து, காபியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பன்னிரண்டு நாள் கழித்து, வழக்கமாகப் பருப்பும் எண்ணெயும் போடும் மொத்த வியாபாரியிடமிருந்து போன். “என்ன அண்ணாச்சி, உங்க செக் திரும்பி வந்திருக்கு?” இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் காதில் விழாத வார்த்தை அது. கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. வங்கிக்கு ஓடினார். வேறு மாநிலக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவிலிருந்து உத்தரவு வந்திருப்பதாகவும், தங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்றும் கிளையில் சொன்னார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

அன்று அவர் பார்த்தது தொகையை மட்டும். அனுப்பியவர் பெயரைப் பார்க்கவில்லை. வங்கிப் பட்டியலில் அது தெளிவாகவே இருந்தது: வட மாநிலத்தில் இருக்கும் ஒரு பெண்மணியின் பெயர். அவருக்கும் கடிகாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரோ போலீஸ் அதிகாரி போல நடித்து அந்த அம்மாவை மிரட்டி, பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்குகளில் ஒன்று நம் மளிகைக் கடையின் கணக்கு. அந்த அம்மா புகார் கொடுத்ததும், பணம் போன கணக்குகள் எல்லாம் வரிசையாக நிறுத்தப்பட்டன.

திருடனுக்கு இதில் எவ்வளவு வசதி என்று பாருங்கள். ஏமாற்றிய பணத்தைத் தன் கணக்கில் வாங்கினால் அவன் பிடிபடுவான். அதையே கடிகாரமாக மாற்றிக்கொண்டால் தடயம் நம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. நிலம் என்றால் பத்திரம் உண்டு. கார் என்றால் ஆர்.சி. புத்தகம் உண்டு. உயர்ந்த கைக்கடிகாரத்துக்குப் பதிவு என்று எதுவும் இல்லை. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு விமானம் ஏறலாம், எந்த ஊரிலும் விலை போகும். பழைய தங்க நகையும் இப்படித்தான் போகும் என்றாலும், கடிகாரத்துக்கு ஒரு குறை உண்டு: அதில் வரிசை எண் இருக்கிறது. காணாமல் போன கடிகாரங்களின் எண்களைச் சேர்த்து வைக்கும் ‘வாட்ச் ரெஜிஸ்டர்’ என்ற அமைப்பு லண்டனில் இயங்குகிறது. நம்மவரிடம் எண் குறித்து வைத்த சீட்டு இல்லை. நல்லவேளையாக, விளம்பரத்துக்கு மகன் எடுத்த படத்தில் எண் விழுந்திருந்தது.

இந்த மோசடிக்கு இன்னொரு உருவமும் உண்டு. நீங்கள் போட்ட படங்களை ஒருவன் எடுத்து, தன் பொருள் போல வேறிடத்தில் விளம்பரம் செய்கிறான். அங்கே வாங்க வருகிற ஒருவரிடம் உங்கள் கணக்கு எண்ணைக் கொடுக்கிறான். அவர் உண்மையாகவே கடிகாரத்துக்காகப் பணம் போடுகிறார், உங்கள் கணக்கில். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போகிறவன் நடுவில் உள்ளவன். பொருள் வராதவர் புகார் கொடுக்கும்போது, பணம் வாங்கியவர் என்று பெயர் வருவது உங்களுக்கு. அதனால்தான் விளம்பரப் படத்தில் வரிசை எண்ணையும் உத்தரவாத அட்டையையும் மறைத்துவிட்டு, தெளிவான படத்தை உங்களிடம் தனியே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

முடக்கத்தின் கணக்கு

2,85,000 ரூபாய்க்காக முழுக் கணக்கும் நின்றது. அதில் இருந்தது கடைப் பணம். ஏற வேண்டியது தினசரி யுபிஐ வசூல். வாடகை, பையன்கள் சம்பளம், மின்கட்டணம், சரக்குக் கடன் எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான். தீபாவளி வியாபாரத்தின் உச்சத்தில் ஐந்து வாரம் அவர் மகனின் சேமிப்புக் கணக்கையும் கைமாற்றையும் வைத்துக் கடையை ஓட்டினார். மொத்த வியாபாரி பழகியவர் என்பதால் காசோலையை வைத்து வழக்குக்குப் போகவில்லை. புதிதாகச் சரக்கு எடுத்த இடமாக இருந்திருந்தால் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும்.

இது கடிகாரம் விற்றவருக்கு மட்டும் வரும் துன்பம் என்று நினைக்க வேண்டாம். 2023-ல் கேரளத்தில் சிறு கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள் பலருடைய கணக்குகள் இப்படி முடங்கின. யாரோ வாடிக்கையாளர் சில நூறு ரூபாய் யுபிஐ மூலம் கொடுத்திருப்பார். அந்தப் பணத்தின் தொடக்கம் எங்கோ நடந்த மோசடியில் இருக்கும். வழக்குகள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயின. காவல்துறை குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, மீதியை இயக்க விட வேண்டும் என்று நீதிமன்றம் அந்த ஆண்டே சொல்லிற்று. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் இதே போக்கில், தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று கண்டித்தது. காவல்துறைக்கு முடக்கும் அதிகாரம் உண்டு. அதை உடனே குற்றவியல் நடுவருக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. இதை எழுதிக் கேட்டால் வங்கிக் கிளையிலும் பதில் சொல்லும் தொனி மாறுகிறது என்பது நம்மவர் அனுபவம்.

அவர் செய்தது இதுதான். விளம்பரத்தின் நகல், அந்த இளைஞனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், அண்ணன் வாங்கிய ரசீது, சுங்க ரசீது, கடையின் ஜிஎஸ்டி சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து, முடக்கச் சொன்ன காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினார். நகலை வங்கிக்குக் கொடுத்தார். தானும் ஏமாற்றப்பட்டவர் என்று 1930 என்ற எண்ணுக்குப் பேசி, சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதிந்தார். கேளம்பாக்கம் 2022 முதல் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. காவல் நிலையத்தில் நேரிலும் எழுதிக் கொடுத்தார். ஐந்து வாரம் கழித்துக் கணக்கு திறந்தது. 2,85,000 மட்டும் இன்றும் பூட்டிக் கிடக்கிறது. அது அந்த வட மாநில அம்மாவுக்குப் போய்ச் சேரும் என்றே வழக்கறிஞர் சொல்கிறார். போனால் அதில் தப்பு என்ன என்று நமக்கும் தோன்றுகிறது, அவருடைய பணம்தானே.

அந்த இளைஞனைக் கண்டுபிடிக்க என்ன இருந்தது? போன் எண் அன்றிரவே அணைக்கப்பட்டது. அடையாள அட்டையின் நகல் வாங்கவில்லை. கடையில் கேமரா இருக்கிறது. ஆனால் பத்து நாள் பதிவு மட்டுமே நிற்கும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். விஷயம் தெரிந்தது பன்னிரண்டாம் நாள்.

விற்கத்தான் வேண்டும் என்றால்

வாங்குகிறவர் யாரோ அவருடைய கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். மாமா, நண்பன், கம்பெனி, வெளிநாட்டில் இருக்கும் அக்கா என்று யார் பெயர் சொன்னாலும் அவர் நேரில் வரட்டும். ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும், வங்கிப் பட்டியலில் அனுப்புநர் என்று வரும் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பொருளைக் கை மாற்ற வேண்டும். வேறு பெயரில் வந்துவிட்டால் அந்தப் பணத்தைத் தொடாமல், அன்றே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். “வேறு கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்” என்று அவன் சொன்னால் செய்யவே கூடாது. திருடனுக்குப் பணத்தை நாமே கடத்திக் கொடுத்ததாகிவிடும்.

இடம், நம் வங்கிக் கிளை. கடையிலோ பஸ் நிலையத்திலோ காபி கிளப்பிலோ வேண்டாம். வங்கியில் வந்து வாங்கத் தயங்குகிறவனிடம் விற்காமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அங்கே கேமரா உண்டு, பதிவும் நாம் வைத்திருப்பதைவிட நீண்ட நாள் இருக்கும். கிளை அலுவலரிடமே பெயரைச் சரிபார்க்கச் சொல்லலாம். சரக்கும் விலையும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும் என்பது 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 32-வது பிரிவிலேயே இருக்கிறது. சைபர் புகார் எண்ணும் 1930 என்று அமைந்துவிட்டது. நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபம்.

பணம் கடைக் கணக்குக்கு வரக் கூடாது. சொந்தப் பொருளை விற்பதென்றால், பெரிய இருப்பு இல்லாத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றில் வாங்க வேண்டும். நின்றால் அது மட்டும் நிற்கும். வியாபாரத்துக்குக்கூட யுபிஐ வசூல் ஏறும் கணக்கு ஒன்று, காசோலை கொடுக்கும் கணக்கு ஒன்று என்று பிரித்து வைத்து, இரவில் மாற்றிக்கொள்ளும் உறுப்பினர்கள் நம்மிடையே உண்டு. கொஞ்சம் வேலைதான். ஆனாலும் அவர்கள் செய்வது சரி என்றே நமக்குப் படுகிறது.

ரொக்கமாகவே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். 2017 ஏப்ரல் முதல், ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை முழுவதும் அபராதமாகப் போகும். இரண்டு தவணையாக வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான். கள்ள நோட்டுப் பயம் வேறு. மற்றபடி, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கைக்கடிகாரத்தை விற்றதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. தங்கத்தில் செய்தது, வைரம் பதித்தது என்றால் நகை என்று கருத இடமுண்டு, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து வேண்டும். வெள்ளைத் தாளில் கம்பெனி, மாடல், வரிசை எண், விலை, பணம் வந்த பரிவர்த்தனை எண், வாங்குகிறவர் பெயர், விலாசம், கையெழுத்து. நூறு ரூபாய்ச் சரக்குக்குப் பில் போடுகிறவர்கள் மூன்று லட்ச ரூபாய்ப் பொருளை வாய்ப்பேச்சில் கொடுத்தால் எப்படி?

தெரியாதவனிடம் விற்பதற்குப் பதில், பழைய உயர்வகைக் கடிகாரங்களை வாங்கி விற்கும் நிறுவனங்களிடம் போகலாம். நம் நாட்டில் ஈதாஸ் நிறுவனம் ‘செகண்ட் மூவ்மென்ட்’ என்ற பெயரில் இந்த வியாபாரம் செய்கிறது. சுவிட்சர்லாந்தின் ரோலக்ஸ் கம்பெனியே 2022 டிசம்பரில், பழைய ரோலக்ஸைச் சோதித்துச் சான்று கொடுத்துத் தன் விற்பனையாளர்கள் வழியாக விற்கத் தொடங்கியது. இவர்களிடம் விலை குறையத்தான் செய்யும். அவர்களும் லாபம் வைத்துத்தானே விற்க வேண்டும். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? பெட்டி, அட்டை, ரசீது முழுவதும் இருந்து, பாலிஷ் போட்டுக் கெடுக்காமல் வைத்திருந்தால் விலை நன்றாக நிற்கும்.

ஆனால் விற்றபின் பணம் தருகிறோம் என்று பொருளை வாங்கி வைத்துக்கொள்ளும் முறையில் எச்சரிக்கை வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் அப்படி விற்றுத் தருவதாகக் கடிகாரங்களை வாங்கி, பணத்தைக் கொடுக்காமல் சூதாட்டத்தில் விட்ட ஒரு கடிகார வியாபாரி 2023-ல் கைதானார். ஜப்பானின் ஒசாகாவில் ‘டோக்கே மேட்ச்’ என்ற நிறுவனம், உங்கள் கடிகாரத்தை வாடகைக்கு விட்டு மாதாமாதம் பணம் தருகிறோம் என்று நூற்றுக்கணக்கான ரோலக்ஸ் முதலான கடிகாரங்களைச் சேர்த்தது. 2024 ஜனவரி இறுதியில் கடையை மூடிவிட்டது. அதன் தலைவர் துபாய்க்குப் போய்விட்டார். ஒப்படைத்த கடிகாரங்களில் பல, பழைய பொருள் கடைகளில் ஏற்கெனவே விலை போயிருந்தன.

நம் உறுப்பினரின் கடிகாரம் எங்கே இருக்கிறதோ தெரியவில்லை. வரிசை எண்ணைப் புகாரில் சேர்த்திருக்கிறார். எழுந்து போகும்போது, வீட்டில் இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது என்றார். அண்ணன் தை மாதம் பேத்தி காதுகுத்துக்கு வருகிறார். “கையிலே கடிகாரம் எங்கேடா என்று கேட்பார். சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று போனில் சொல்லி வைத்திருக்கிறேன்.”